தங்கச்சி சனிக்கிழமைதான் வர்றா

மவுண்ட் ட்ரூயிட்
மேற்கு சிட்னி
9 ஜூலை 2024, செவ்வாய்

தெலேசியா,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. உன் போன் அணைந்து கிடக்கிறது. அதனால் மகள் மெலேயின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஈமெயில் தட்டிக்கொண்டிருக்கிறேன். கோழித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை முடித்து வந்த நான் இன்னும் படுக்கவில்லை.

நீ இப்போது எங்கே இருக்கிறாய்?

சமோவாவில், ஆப்பியா வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். சனிக்கிழமை விமானத்தில் வருகிறேன் என்று எழுதியவள் நீதானே. எங்கள் சபைப் பாட்டுக்குழு லாகி, அம்மா அடக்கத்துக்கு என்னோடு ஊருக்கு வந்தாளே, அவள் நேற்று பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிட்னி மீன் காட்சிசாலைக்குப் போயிருக்கிறாள். இன்று காலை வேத வகுப்பில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்கிறாள்: "மசீனா, தங்கச்சி வந்துட்டாளா? ஒரு வார்த்தை சொல்லல பாரு. சுறா மீனைப் பாத்துக்கிட்டுத் தனியா நின்னுச்சு, பாவம். கூட ஒரு ஆளை அனுப்பக் கூடாதா?"

பாவமாம். நம் வீட்டுப் பெண் பாவமாம். அதுவும் லாகி வாயால்.

"உனக்குக் கண்ணாடி மாத்தணும் லாகி. என் தங்கச்சி சனிக்கிழமைதான் வர்றா" என்றேன். உடனே போனை நீட்டினாள். முன்னால் அவள் பேரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான், பின்னால் அம்மாவின் பச்சை உடுப்பில் ஒருத்தி. "எங்க ஊர்ல பாதிப் பேருக்கு இதே ஜாடைதான்" என்று சொல்லிச் சமாளித்தேன். மடியில் வேதப் புத்தகம் இருந்தது.

அது நீ இல்லை என்று ஒரு வரி எழுது. நீதான் என்றால் எங்கே தங்கியிருக்கிறாய் என்று எழுது. மகன் சிமி வேனை எடுத்துக்கொண்டு வருவான்.

மசீனா


சிட்னி
9 ஜூலை, செவ்வாய் மாலை

அக்கா,

நான்தான். லாகிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டாம்.

நேற்றுக் காலை வந்து இறங்கினேன். ஹோட்டலில் இருக்கிறேன், அங்குள்ள கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். எந்த ஹோட்டல் என்று சொல்ல மாட்டேன், வேனை நிறுத்தி வை.

பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் சேர்ந்து எனக்கு ஒரு சுற்றுலாப் பாஸ் வாங்கித் தந்தார்கள். ஒரே பாஸ்தான், கோபுரம், மீன், மிருகம், படகு எல்லா வாசலிலும் அதையே காட்டலாம். முதல் வாசலில் காட்டிய நாளிலிருந்து ஐந்து நாள் செல்லும். திங்கள் முதல் வெள்ளி வரை நான் ஊர் சுற்றுகிறவள். சனிக்கிழமை உன் தங்கை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உன் வீட்டில் வந்து இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தங்கச்சி மீன் பார்க்கணுமாம் என்று வேன் நிறைய ஆள் ஏறியிருக்கும். தேங்காய்ப்பால் ரொட்டி ஒரு தட்டு, மாட்டிறைச்சி டின் ஒரு பெட்டி, பாய், கைக்குழந்தை. வாசலில் டிக்கெட் விலையைப் பார்த்ததும் எல்லாரும் எதிர்ப் பூங்காவில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவோம். பாஸை வைத்துக்கொண்டு நான் மட்டும் உள்ளே போக முடியுமா? அந்தப் பாஸைக் குழந்தை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருக்கும்.

மீன் காட்சிசாலை வாசலில் படம் எடுக்கிற பெண் என்னை நிறுத்தி, "கொஞ்சம் இருங்க, உங்க வீட்டு ஆளுங்க வரட்டும், சேத்து எடுத்துரலாம்" என்றாள். யாரும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. என் உடுப்பைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், இரண்டு நிமிடம் காத்துக்கூட நின்றாள்.

பிறகு சுறா. தலைக்கு மேலே கண்ணாடி, அதற்கு மேலே அது வயிற்றைக் காட்டிக்கொண்டு போகிறது. கழுத்து வலிக்கும்வரை நின்றேன். தண்ணி கொண்டா, தலையணையைச் சரி பண்ணு என்று யாரும் கூப்பிடவில்லை. லாகி பார்த்தது அதைத்தான். பாவமாக நான் நிற்கவில்லை என்று அவளிடம் சொல்.

இன்னொன்று. "வேலையை விட்டுவிட்டு வந்து சேர்" என்று அம்மா அடக்கத்துக்குப் பிறகு எழுதினாய். வருகிறாயா என்று நீ கேட்கவே இல்லை, அக்கா. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேள்வி என்று ஒன்று அதில் கிடையாது.

தெலேசியா


மவுண்ட் ட்ரூயிட்
10 ஜூலை, புதன்

தெலேசியா,

ஹோட்டல். எழுதும்போதே கை கூசுகிறது.

இந்த நகரத்தில் உனக்கு ஆள் இல்லையா? இருபத்துநான்கு வருடமாக இந்த வீட்டுக் கூடத்தில் எத்தனை பேர் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். சித்தப்பா மகன் வந்தான், ஒரு மாதம் என்றான், மூன்று வருடம் இருந்தான். ஒருநாள் முகம் சுளித்திருப்பேனா? அப்படிப்பட்ட வீட்டை விட்டுவிட்டு, கூடப் பிறந்தவள் காசு கொடுத்து எவனோ விரித்த படுக்கையில் படுக்கிறாள். வெளியே தெரிந்தால் என்ன சொல்வார்கள்? தங்கச்சிக்குப் பாய் போட இடமில்லாமல் மசீனா விரட்டிவிட்டாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

உனக்காக மெலே தன் அறையைக் காலி செய்துவிட்டு என் படுக்கையில் படுக்கிறாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. விருந்துக்குப் பன்றி சொல்லியாயிற்று. சனிக்கிழமை விமான நிலையத்துக்குச் சபையில் இருந்தே பாதிப் பேர் வருகிறார்கள். பிள்ளைகள் உனக்கு மிட்டாய் மாலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆசோ மாமா வரவேற்புப் பேச்சில் ஊன்றி நிற்கிற கோலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். அவர் பேசி வரவேற்கப்போகிறவள் இப்போது எங்கே? சுறாவுக்கு முன்னால் கழுத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

தனியாகச் சாப்பிடுகிறாயா? ஹோட்டலில் தனி மேஜையில் உட்கார்ந்து? அம்மா உயிரோடு இருந்தால் இதற்கே உயிரை விட்டிருப்பாள்.

மெலே அந்தப் பாஸில் என்னென்ன இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். இன்று மதியம் சிமி படகுத்துறையில் நிற்பான். மரியாதையாக அவனோடு வந்துவிடு. வீட்டில் ஒளித்து வைத்து சனிக்கிழமை வெளியே விடுகிறேன்.

மசீனா


சிட்னி
11 ஜூலை, வியாழன்

அக்கா,

நேற்று உன் கடிதத்தைப் படித்த பிறகும் படகுத்துறைக்குப் போனேன். என் பாஸ், என் படகு. உன் மகனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். சிமியின் உடம்பை எந்தக் கூட்டத்தில் மறைக்க முடியும்? போதாததற்கு அட்டையில் என் பெயரை எழுதித் தலைக்கு மேலே பிடித்திருந்தான். நான் கழிவறைக்குள் புகுந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். படகு சங்கு ஊதிப் புறப்படுகிற சத்தம் உள்ளே கேட்டது. நாற்பத்தேழு வயதில், அக்கா மகனுக்குப் பயந்து கழிவறையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது வந்த கோபத்தில் கதவையே உதைத்தேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பலாங்கிக் கிழவி, "என்னம்மா, உடம்புக்கு முடியலயா?" என்று விசாரித்தாள்.

கோபுரத்துக்குப் போனேன். இந்த நகரத்தில் எந்த வாசலில் காவலுக்கு நிற்பவரை நிமிர்ந்து பார்த்தாலும் நம் ஆள்தான். மலை மாதிரி ஒருவர், பையைத் திறந்து பார்த்துக்கொண்டே, "எந்த ஊரும்மா? யார் வீட்டுப் பொண்ணு?" என்று ஆரம்பித்தார். ஊரைச் சொன்னால் அப்பா பேர், அப்பா பேரைச் சொன்னால் உன் வீட்டு வாசல். வாயில் வந்த அண்டைத் தீவைச் சொன்னேன். "நான் டோங்காக்காரி" என்றேன். நம் மொழியிலேயே சொல்லித் தொலைத்தேன். அவர் என் பையை மறுபடி முதலிலிருந்து சோதித்தார்.

மேலே போய் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? மேற்கே திரும்பி உன் வீடு தெரிகிறதா என்று தேடினேன். பழக்கதோஷம். என்மேலேயே எரிச்சல் வந்து கடல் பக்கம் போய் நின்றேன்.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விடவில்லை. லீவு போட்டிருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் என் பையில் இருக்கிறது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று எழுந்து நின்று பேசினாய். "நானும் தங்கச்சியும் அம்மாவைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டோம்." நீ போனில் பார்த்துக்கொண்டாய். ஒன்பது வருடம் புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்தது, முதுகில் புண் வராமல் காத்தது நான். அதைக்கூட விட்டுவிடுகிறேன். அதே மூச்சில், "இனி என் தங்கச்சி என்னோட வந்து இருப்பா" என்று அறிவித்தாய். போதகர் தலையாட்டினார். ஊரே கை தட்டியது. என் மிச்ச வாழ்க்கை எங்கே என்று ஊரோடு ஊராக உட்கார்ந்து நானும் அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எதற்குக் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? பெனி அத்தானுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து ஆறு மாதமாகிறது. நான் கைபழகியவள். அம்மா போய்ச் சேர்ந்தாள், அடுத்த கட்டில் தயார்.

தெலேசியா


மவுண்ட் ட்ரூயிட்
12 ஜூலை, வெள்ளி காலை

டோங்கா.

அந்த மலை மாதிரி மனுஷன் எங்கள் சபை மூப்பரின் மருமகன். "ஒரு பொம்பளை, சுத்தமான சமோவாவுல, டோங்காக்காரின்னு சொல்லிட்டு லிஃப்ட்ல ஏறிப் போயிருச்சு" என்று சபை முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். லாகி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஹோட்டலில் தங்கினாய், சரி. பிறந்த ஊரையே மாற்றிச் சொல்வாயா? அதற்கு அனாதை என்று சொல்லியிருக்கலாம்.

பெனியிடம் சொன்னேன். டோங்கா ரக்பியில் ஜெயித்த நாளில் பட்டினி கிடக்கிற மனுஷன். சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது.

ஆமாம், அதற்குத்தான் கூப்பிட்டேன். வேறு எதற்கு என்று நினைத்தாய்? ராத்திரி முழுக்கக் கோழி வெட்டிவிட்டு வருகிறேன். பகலில் அவரை நான் பார்க்கிறேன், ராத்திரி மெலே பார்க்கிறாள். ஆகஸ்டில் அவள் வேலை கிடைத்து பிரிஸ்பேன் போகிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிமி நல்ல பிள்ளை, ஆனால் அப்பாவைத் துடைக்கச் சொன்னால் அழுதுகொண்டே வெளியே போய்விடுகிறான். போன மாதம் கட்டிலிலிருந்து அவரை இறக்கப் போய் இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். தூக்க ஆள் வரும்வரை பக்கத்தில் படுத்துக் கிடந்தேன், அசதியில் அப்படியே தூங்கிவிட்டேன். இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. அக்கா உன்னிடம் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தாயா? கெஞ்சத் தெரிந்திருந்தால் கேள்வியாகவே எழுதியிருப்பேன்.

கோபுரமாம். இருபத்துநான்கு வருடத்தில் அதில் நான் கால் வைத்ததில்லை. வந்தவர்களை எல்லாம் வாசலில் இறக்கிவிட்டு வேனில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்தபோது மானம் போகிறதே என்று கோபம் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அது மட்டும் இல்லை. நீ நின்று சுறாவைப் பார்த்தாயே, அதற்கு வந்த கோபம்.

அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்குச் செய்ய வேண்டியதைக் கேள். ஆப்பியா விமானம் பதினோரு மணிக்கு. பெட்டியோடு அதற்கு முன்பே போய் நில். கூட்டம் வெளியே வரும்போது நடுவில் கலந்து நடந்து வா. களைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொள். நாங்கள் பாடுவோம், மாலை போடுவோம், ஆசோ மாமா பேசுவார். தங்கச்சி சனிக்கிழமைதான் வர்றா என்று நான் சொன்ன சொல் நிற்கும். மற்றதை வீட்டில் பேசலாம்.

மசீனா


சிட்னி
12 ஜூலை, வெள்ளி மாலை

அக்கா,

விழுந்து கிடந்ததைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

பாஸுக்குக் கடைசி நாள். விட்ட படகை இன்று பிடித்தேன். மேல் தளத்தில் காற்று ஆளைத் தள்ளியது, அத்தனை பேரும் உள்ளே ஓடினார்கள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கியதும் பசி. துறையில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பலாங்கி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கை தானாகப் பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டிவிட்டது. "சாப்பிடுங்க" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பொட்டலத்தைப் பார்த்தான், எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டான். முழுப் பொட்டலத்தையும் நானே தின்றேன். கடைசித் துண்டுவரை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ரொம்ப ருசியாகவும் இருந்தது.

உனக்கு இது விளங்குமா என்று தெரியவில்லை. தனியாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் அழுகை வந்தது, அதுவும் உண்மை. ஆனால் அழுது முடித்து முகம் கழுவியபோது ஏன் அழுதாய் என்று கேட்க ஆளில்லாததும் பிடித்திருந்தது. இதை நம் ஆட்களிடம் சொன்னால் என்னைப் போதகரிடம் கூட்டிப் போவார்கள்.

நாடகத்துக்கு வருகிறேன். களைத்த முகமும் வைத்துக்கொள்கிறேன், அதற்கு நடிக்க வேண்டியதில்லை. ஆனால் மற்றதை வீட்டில் பேச முடியாது. வீட்டுக்குள் வந்துவிட்டால் நீ அக்கா, நான் தங்கை. அத்தான் கட்டிலில் கிடப்பார், என் கை தானாக அவர் தலையணைக்குப் போகும். மீனை நீட்டின கைதானே இது. இதை நம்பி நான் உன் வாசற்படி ஏற மாட்டேன்.

சபையில் சொன்னதைச் சபையில்தான் மாற்ற முடியும். நம் வழக்கம், நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். ஆகவே மாலை என் கழுத்தில் விழுமுன், ஆசோ மாமா கோலை ஊன்றுமுன், அத்தனை பேர் நடுவில் நீ சொல்ல வேண்டும்: என் தங்கை மூன்று வாரம் விருந்தாளியாக வந்திருக்கிறாள், ஆகஸ்ட் மூன்றாம் தேதி தன் வேலைக்குத் திரும்புகிறாள். மூத்தவள் ஊரறியச் சொன்னதை நாளைக்கு நீயே நினைத்தாலும் மீற முடியாது, நானும் இரக்கப்பட்டு மீற முடியாது. எனக்கு இரண்டும் வேண்டும்.

சொல்ல முடியாது என்றால் இன்றே எழுதிவிடு. பெட்டியோடுதான் போகிறேன். புறப்படுகிற வாசலும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது.

தெலேசியா


மவுண்ட் ட்ரூயிட்
13 ஜூலை, சனி காலை

தெலேசியா,

உன் கடிதத்தைப் படித்ததும் மெலேயிடம், "பன்னி வேணாம்னு சொல்லிரு. மாலையைப் பிச்சுப் பிள்ளைங்ககிட்ட குடு" என்றேன். அவள் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆத்திரம் அடங்காமல் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெனிக்கு உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் முகத்திலாவது என் பக்க நியாயம் தெரியும் என்று நினைத்தேன்.

ஆறு மாதமாக அந்த வாயிலிருந்து தண்ணி, வலி இரண்டும்தான் வருகின்றன. என் பெயர்கூட ம என்று தொடங்கி நின்றுவிடும். நேற்று நான் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, எச்சில் வழிய, "மசீனா, அவளை விட்ரு" என்றார்.

முழுசாகச் சொன்னார். இத்தனை நாள் கழித்து என் பெயரைச் சொல்கிறார், அதுவும் உனக்கு வக்காலத்து வாங்க. எனக்கு வந்த கோபத்தை எந்தப் பாத்திரத்தில் கொட்டுவது? "நீங்களுமா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுதேன். அப்புறம் அவரைத் திருப்பிப் போடுகிற நேரம் வந்தது. போய்த் திருப்பினேன். கையைப் பிடித்து இழுத்துத்தான் எப்போதும் திருப்புகிறேன். அவர் கத்தினார். தினமும் கத்துகிறார். நோய்தான் கத்த வைக்கிறது என்று இவ்வளவு நாள் இருந்தேன். நேற்றுத்தான் தோன்றியது, அம்மா ஒன்பது வருடத்தில் ஒருநாளும் இப்படிக் கத்தி நான் போனில் கேட்டதில்லை.

சொல்கிறேன். மாலை விழுமுன், மாமா கோலை ஊன்றுமுன், லாகி கேட்கும்படி சொல்கிறேன். நீ எழுதின வார்த்தையிலேயே சொல்கிறேன். சொல்லும்போது என் முகத்தில் சிரிப்பு இருக்காது, அதை எதிர்பார்க்காதே. ஆகஸ்டில் மெலேயும் போய் நீயும் போன பிறகு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, நீ போகும்வரை இருக்கும்.

ஆனால் இந்த மூன்று வாரத்தில் நீ அவரைத் தொடவே கூடாது. நாற்காலியைப் போட்டு எட்டி உட்கார். எந்தக் காலை மடக்க வேண்டும், எங்கே கை கொடுக்க வேண்டும் என்று வாயால் சொல். நான் செய்கிறேன். தப்பாகச் செய்தால் திட்டு. எல்லார் முன்னாலும் திட்டினாலும் சரி.

மசீனா